மோகனாவின் சூளை

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் திங்கட்கிழமை காலையில், வீரமுத்து தன் மனைவி செய்திருந்த குவளையில் பாதியைக் குடித்துவிட்டார்.

வேண்டுமென்று செய்ததல்ல. சிம்பாங் அம்பாட்டுக்கு அப்பால் இருக்கும் ஒரு செம்பனை ஆலையில் முப்பத்து நான்கு வருடம் பாய்லர் பார்த்தவர் அவர். ஷிப்டு வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று பழகிப்போன உடம்புக்குக் காலை பத்து மணிக்கு வீட்டில் சும்மா உட்காரத் தெரியவில்லை. மோகனா பாலர் பள்ளிக்குச் சமைக்கப் போயிருந்தாள். சுடுதண்ணீரில் மைலோ மாவைக் கலக்கினார். கழுவிய குவளை ஒன்றும் கண்ணில் படாததால், பின்கட்டு அலமாரியில் வரிசையாக இருந்த மண் குவளைகளில் ஒன்றை எடுத்து ஊற்றிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தார். பத்திரிகையைப் பிரித்தார். மைலோவில் மண் வாசம் அடித்தது. புது டின் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு மேலும் இரண்டு வாய் குடித்தார். மூன்றாவது முறை தூக்கியபோது கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. மற்றதெல்லாம் சேறாகிக் கைலியில் விழுந்தது.

மதியம் மோகனா வந்ததும், துவைத்துக் காயப்போட்ட கைலியைக் காட்டி நடந்ததைச் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் பையைக் கீழே வைக்கக்கூட முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சுடாத மண்ணுங்க அது! யாராவது அதுல சுடுதண்ணி ஊத்துவாங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை கிளாஸுக்குப் போறே. சுட்டுத்தான் கொண்டாந்திருப்பேன்னு நெனச்சேன் லா."

அப்போதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள். புக்கிட் பெருவாங்கில் மண்பாண்டம் சொல்லிக்கொடுத்த சீன டீச்சர், மகனோடு இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கூச்சிங்குக்குப் போய் மூன்று மாதமாகிவிட்டது. அவர் வைத்திருந்த மின்சூளையும் போய்விட்டது. அலமாரியில் இருப்பவை அதற்குப் பிறகு வீட்டில் செய்தவை. குவளை, கிண்ணம், மூடி போட்ட சாடி என்று எல்லாமாக முப்பத்தொன்று.

"இப்போ முப்பது," என்றாள். மறுபடியும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "சுட இடமில்லை. மழைக்குக் கூரை ஒழுகினா எல்லாம் மண்ணாப் போயிடும். செய்யறதை நிறுத்திடலாம்னு பார்க்கிறேன்."

மூன்று மாதமாக இது வீட்டில் நடந்துகொண்டிருந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லை என்பது வீரமுத்துவுக்கு உறைத்தது. அன்று மாலை பின்பக்கம் போய், செம்பனை வரிசைக்கும் கொல்லைக்கும் நடுவில் இருந்த காலி இடத்தைக் காலடியால் அளந்தார்.

"எவ்வளவு சூடு வேணும் அதுக்கு?"

"தொள்ளாயிரம் டிகிரின்னு டீச்சர் சொல்வாங்க."

"அவ்வளவுதானே? எங்க பாய்லர்ல அது சாதாரணம்."

ஆலை மேலாளரிடம் கேட்டுவிட்டு, பாய்லர் உட்சுவரிலிருந்து கழற்றிப் போட்ட பழைய கற்களை நண்பனின் லாரியில் ஏற்றி வந்தார். வெப்பம் தாங்குகிற கனமான கற்கள். மோகனா கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பயிற்சிப் புத்தகத்தில் படம் வரைந்தாள். முன்பக்கம் நெருப்பு வாய், நடுவில் சட்டிகளை அடுக்கும் அறை, பின்பக்கம் புகைபோக்கி. அறையின் முன்சுவரை மட்டும் பூசாமல் வெறும் கல்லாக அடுக்கினால், ஒவ்வொரு முறையும் பிரித்து மூடலாம்.

புகைபோக்கியின் உயரத்துக்கு ஒரு வாரம் சண்டை நடந்தது. அவர் எட்டடி என்றார். அவள் ஐந்தடி என்றாள்.

"உங்களுக்குக் கப்பல் ஓட்டணுமா, கிண்ணம் சுடணுமா?"

"இழுவை இல்லாம நெருப்பு எப்படி நிக்கும்? முப்பத்தி நாலு வருஷம் பார்த்தவன் சொல்றேன்."

ஆறடியில் முடிந்தது. பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா வேலியோரம் நின்று தினமும் பார்த்தாள். அறுபத்தெட்டு வயது. கோழி வளர்ப்பவள். துணி காயப்போடுகிற கயிறு அவள் பக்கம்தான் இருந்தது.

"தம்பி, என்னா கட்டுறீங்க? கோயிலா?"

"சூளைக்கா. மோகனா செஞ்ச சட்டியெல்லாம் சுட."

"பாசார்ல சட்டி விக்கிதே! பொகை என் துணி மேல வந்துச்சு, நான் சும்மா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"எந்த நாள் கொளுத்துறோம்னு முன்னாடியே சொல்றேன்கா," என்றாள் மோகனா. "அன்னிக்கு நீங்க துவைக்க வேணாம்."

ஒரு சனிக்கிழமை காலையில் சாமான்களை உள்ளே அடுக்கினார்கள். அப்போதுதான் வீரமுத்து அந்தச் சாடிகளை ஒழுங்காகப் பார்த்தார். ஒவ்வொரு மூடியும் ஒரு தலை. பாலர் பள்ளித் தலைமையாசிரியை கொண்டையோடு இருந்தார். குஞ்சம்மா வாயைத் திறந்தபடி இருந்தாள். அடுத்த தலைக்கு விரிந்த காதும் கட்டை மீசையும் இருந்தன. கண்கள் மூடியிருந்தன.

"இது நானா?"

"வேற யாரு?"

"ஏன் தூங்குறேன்?"

"நான் வீட்டுல இருக்கிறப்ப நீங்க தூங்கிக்கிட்டுத்தானே இருந்தீங்க," என்றாள் மோகனா. குறையாகச் சொல்லவில்லை. சாடியை வாங்கி நடு இடத்தில் வைத்தாள்.

முன்சுவரைக் கல்லால் மூடி, பார்ப்பதற்கு ஒரு கல் அளவு ஓட்டை விட்டார்கள். சுள்ளியில் தீ மூட்டினார்கள். மோகனா திரும்பத் திரும்பச் சொன்னாள். முதல் நான்கு மணி நேரம் சுள்ளி மட்டும். சுவரில் கை வைத்தால் சுடக்கூடாது. அவசரப்படக் கூடாது.

ஒன்பதரைக்குப் பாலர் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. பெற்றோர் கூட்டத்துக்கு மீகோரெங் சமைக்க வேண்டியவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். மோகனா கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

"ரெண்டு மணி நேரத்துல வந்துருவேன். சுள்ளி மட்டும். சரியா?"

"போ, போ. நெருப்பை என்கிட்ட விட்டுட்டுப் போக என்னா பயம்?"

ஒரு மணி நேரம் அவள் சொன்னபடிதான் செய்தார். சுள்ளி வைத்தார், அது எரிந்தது. மறுபடி சுள்ளி வைத்தார். ஆலையில் அழுத்தம் காட்டும் முள் கொஞ்சம் இறங்கினாலே மேலேயிருந்து ஆள் ஓடிவரும். முள் இறங்கவிடாமல் வைத்திருப்பதுதான் அவருடைய பெருமை. இந்தச் சூளையில் முள் இல்லை. நெருப்பு தூங்கி வழிவதுபோல இருந்தது. பக்கத்தில் ரப்பர் பால்மரக் கட்டைகள் பிளந்து அடுக்கியிருந்தன, நன்றாகக் காய்ந்தவை. ஒன்று வைத்தால் என்ன என்று வைத்தார். புகைபோக்கி இழுத்தது. தீ எழுந்தது. அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்த சத்தம். இன்னும் மூன்று கட்டை வைத்தார்.

பத்து நிமிடத்தில் உள்ளே 'டப்' என்று கேட்டது. பாய்லரில் எந்தச் சத்தம் எதற்கு என்று அவருக்கு மனப்பாடம். இது என்னவென்று தெரியவில்லை. மறுபடியும் கேட்டது. பிறகு தொடர்ச்சியாக இரண்டு. ஓட்டை வழியாகப் பார்த்தார். புகையில் ஒன்றும் தெரியவில்லை. கட்டைகளைக் கம்பியால் வெளியே இழுத்துப் போட்டார். அதன் பிறகும் டப், டப் என்றது.

மோகனா வந்தபோது அவர் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"நான்தான்," என்றார். "கட்டையைப் போட்டுட்டேன்."

"எத்தனை?"

"கட்டையா?"

"வெடிச்சது."

"பதினாறு எண்ணினேன். அப்புறம் எண்ணலை."

 அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

அன்றும் மறுநாளும் மோகனா அவரோடு பேசவில்லை. சோறு போட்டாள், மீன் குழம்பு ஊற்றினாள், தட்டைக் கழுவினாள். ஜொகூர் பாருவிலிருந்து மகள் ஷாந்தினி அழைத்தபோது, அம்மா ஏன் இப்படி அமைதியாக இருக்கிறார் என்று அவரிடமே கேட்டாள். அவர் சொன்னார்.

"ஐயோ, அப்பா! அம்மா என்கிட்ட ஒவ்வொரு கப்பையும் போட்டோ எடுத்து அனுப்புவாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

அதுவும் அவருக்குத் தெரியாது.

திங்கட்கிழமை மாலை, வேலை முடிந்து வந்த மோகனா சேலையை மாற்றிக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனாள். வீரமுத்துவும் பின்னாலேயே போனார். இருவரும் முன்சுவர்க் கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். உள்ளே சில்லும் தூளுமாகக் கிடந்தது. ஏழு சாமான்கள்தான் முழுசாக இருந்தன. அவையும் பாதி வெந்தும் வேகாமலும் கறுத்திருந்தன. மோகனா சில்லுகளைக் கிளறினாள். ஒரு காது கிடைத்தது. பிறகு மீசை.

"உங்க மண்டைதான் மொதல்ல வெடிச்சிருக்கும்," என்றாள்.

இரண்டு நாளில் அவள் சொன்ன முதல் வார்த்தை அது. அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவளே சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"மண்ணுக்குள்ள ஈரம் இருக்கும். மெதுவா சூடு ஏத்துனா மெதுவா வெளிய வரும். அவசரப்பட்டா உள்ளயே ஆவியாகி வெடிச்சிரும். முப்பத்தி நாலு வருஷம் ஆவி காய்ச்சுன ஆளுக்கு இதை நான் சொல்லணுமா?"

"சொல்லத்தான் சொன்னே. நான்தான் கேக்கலை."

அவள் அந்த மண் மீசையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க பகல்ல தூங்குறப்ப ஷாந்தினியை நான் அழக்கூட விட்டதில்லைங்க. மிக்ஸி போட மாட்டேன். யாரு வீட்டுக் கல்யாணமா இருந்தாலும் உங்க ஷிப்டைப் பார்த்துத்தான் போவேன். அதுக்காக நான் வருத்தப்படலை. நம்ம வீட்டுக்குத்தானே செஞ்சீங்க. ஆனா இந்தச் சூளை என்னோட ஷிப்டு. இதுல நான் சொல்றதைக் கேளுங்க. அவ்வளவுதான்."

வீரமுத்து தலையை ஆட்டினார்.  கூடையை எடுத்து வந்து சில்லுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

"அதைத் தூக்கிப் போட்டுராதீங்க. இடிச்சுப் புது மண்ணோட கலந்தா மண்ணு சூட்டைத் தாங்கும். டீச்சர் சொல்லியிருக்காங்க."

இடிக்கிற வேலையை அவர் எடுத்துக்கொண்டார். பழைய அம்மிக்கல்லில் சில்லுகளை உடைத்து, சல்லடையில் சலித்து, டீச்சர் விட்டுப்போன நான்கு மூட்டை மண்ணில் பிசைந்தார். மண் பிசைவது அவருக்கு நன்றாக வந்தது. பாய்லருக்குச் செம்பனைச் சக்கை தள்ளிய தோள். மோகனா ஒரு உருண்டையை நூலால் அறுத்துப் பார்த்து, "காத்துக் குமிழி ஒண்ணு கூட இல்லையே," என்றபோது, ஆலையில் முப்பது வருட விருது வாங்கிய அன்றுகூட அப்படி அவருக்கு முகம் மலர்ந்திருக்காது.

மாலை நேரங்களில் அவள் மண் வனையும் சக்கரத்தின் முன் உட்காருவாள். அவர் எதிரில் உட்கார்ந்து பார்ப்பார். முதலில் பொழுது போகாமல்தான் பார்த்தார். பிறகு, மண் எழும்பும்போது அவள் மூச்சை அடக்குவதையும், கிண்ணத்தின் வாய் விரியும்போது அவள் உதடும் கொஞ்சம் விரிவதையும் கவனித்தார். திருமணமாகி முப்பத்தொரு வருடம். அவள் முகத்தை இவ்வளவு நேரம் வெளிச்சத்தில் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டார்.

"என்னா அப்படிப் பார்க்கிறீங்க?"

"கிண்ணத்தைப் பார்க்கிறேன் லா."

"கிண்ணம் கீழ இருக்கு."

இரண்டரை மாதத்தில் இருபத்தெட்டு சாமான்கள் சேர்ந்தன. மூன்று வாரம் நிழலில் காயவைத்தாள். ஒவ்வொன்றையும் கன்னத்தில் ஒட்டிப் பார்ப்பாள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் ஒரு குவளையை அவர் கன்னத்திலும் வைத்தாள்.

"இன்னும் ரெண்டு நாள்," என்றார் அவர். சரியாகத்தான் சொன்னார்.

இரண்டாவது முறை கொளுத்திய அன்று மோகனா பாலர் பள்ளிக்கு விடுப்புச் சொல்லியிருந்தாள். குஞ்சம்மாவிடம் முதல் நாளே சொல்லியிருந்ததால், அவள் முணுமுணுத்துக்கொண்டே கயிற்றைக் காலியாக வைத்திருந்தாள். விடிந்ததும் தீ மூட்டினார்கள். வீரமுத்து ஆலையில் எழுதுவதுபோல ஒரு நோட்டில் அரைமணிக்கு ஒருமுறை நேரம் எழுதி, என்ன விறகு, எத்தனை என்று குறித்தார். ஆனால் மோகனா சொல்லாமல் ஒரு குச்சியும் வைக்கவில்லை.

"வைக்கவா?"

"இன்னும் கொஞ்சம் போகட்டும்."

"இப்போ?"

"நீங்க போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க."

பதினொரு மணி வரைக்கும் சுள்ளிதான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அதற்குப் பிறகு சிறு கட்டை, பிறகு பெரிய கட்டை. இரண்டு மணிக்குச் சூளை நன்றாக மூச்சு விடத் தொடங்கியது. ஓட்டை வழியாகப் பார்த்தால் இருட்டுக்குள் ஒரு சிவப்பு தெரிந்தது.

மூன்று மணிக்கு வானம் கறுத்தது. காற்று எழுந்து செம்பனை மட்டைகளை உலுக்கியது. வீரமுத்து மேலே பார்த்தார்.

"சூடான கல்லு மேல மழை விழுந்தா சுவர் பிளந்துரும்."

விறகு மேல் கிடந்த தகரங்களை இழுத்து வந்து, சூளையின் மேல் கல் முட்டுக் கொடுத்துப் பரப்பினார். இரண்டுதான் இருந்தன. முன்பக்கம் திறந்து கிடந்தது. காற்று அவற்றையும் தூக்கப் பார்த்தது. பின்பக்கம் புகைபோக்கிக்கு அருகே நின்று, மூங்கில் கழியால் ஒரு முனையை அழுத்திப் பிடித்தார். முதல் துளிகள் விழுந்து தகரத்தில் சீறின.

"தம்பி! இந்தாங்க!"

குஞ்சம்மா வேலி இடைவெளி வழியாக ஒரு தகரத்தை இழுத்துக்கொண்டு வந்தாள். தலையில் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தாள்.

"எங்கேருந்துக்கா?"

"கோழிக்கூட்டுக் கூரை. கோழியெல்லாம் வீட்டுக்குள்ள குசினியில அடைச்சிருக்கேன். வெட்டிக்கதை பேசாம பிடிங்க!"

முன்பக்கத்துக்கு அந்தத் தகரம் சரியாக இருந்தது. அதைக் குஞ்சம்மா துடைப்பக்கட்டையால் அழுத்திக்கொண்டு நின்றாள். மழை பிடித்துக்கொண்டது. இப்போது பிரச்சினை வேறு. தீயின் நிறத்தைப் பார்த்து எப்போது நிறுத்துவது என்று சொல்லவேண்டியவர் வீரமுத்து. அந்தக் கண் மோகனாவுக்குக் கிடையாது, அதை இருவரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் கழியை விட்டால் தகரம் பறந்துவிடும்.

"நீ பார்த்துச் சொல்லு!" என்று மழைக்கு மேல் கத்தினார். "என்னா கலரு?"

மோகனா தகரத்தின் கீழ் குனிந்து, ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

"சிவப்பு!"

"என்னா சிவப்பு? சிவப்புல நூறு சிவப்பு இருக்கு!"

அவள் யோசித்தாள். "ரம்புத்தான்! ரம்புத்தான் தோலு!"

"பத்தாது. கட்டை வை. ரெண்டு. குறுக்கால வை."

அவள் வைத்தாள். கால் மணி நேரம் போனது. கழி பிடித்த தோள் வலித்தது. மழை அவர் முதுகில் இறங்கி ஓடியது. குஞ்சம்மா தனக்குள் யாரையோ திட்டிக்கொண்டே நின்றாள், ஆனால் துடைப்பக்கட்டை அசையவில்லை.

"இப்போ?"

"ஆரஞ்சு மாதிரி வருதுங்க. பப்பாளி!"

"பழுத்ததா, செங்காயா?"

"என்னங்க இந்த நேரத்துல!"

"சொல்லு லா! அதுலதான் இருக்கு!"

"செங்காய்!"

"இன்னும் மூணு கட்டை. சாமான் மேல கரி ஒட்டியிருக்கா?"

"கொஞ்சம் இருக்கு... இல்லை, போயிட்டே இருக்கு. என்னங்க, கிண்ணமெல்லாம் உள்ளேயிருந்து விளக்குப் போட்ட மாதிரி இருக்கு!" அவள் குரல் மாறியிருந்தது. "ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுது. ஐயோ, நீங்க இதைப் பார்க்கணுமே!"

"நீ பாரு. பார்த்துச் சொல்லு."

இன்னும் இருபது நிமிடம். பிறகு அவளே சொன்னாள், கேட்காமலே: "நல்லாப் பழுத்துருச்சு."

"அப்போ போதும். நிறுத்து. வாயை மூடு."

அவள் நெருப்பு வாயைக் கல்லால் அடைத்து, சேற்றை அப்பி மூடினாள். வீரமுத்து ஒரு கையால் கழியைப் பிடித்தபடியே புகைபோக்கியின் மேல் ஓடு ஒன்றைத் தள்ளி வைத்தார். மழை சற்றுநேரத்தில் தூறலானது. மூன்று பேரும் தலை முதல் கால் வரை கரியும் தண்ணீருமாக நின்றார்கள். குஞ்சம்மா முதலில் பேசினாள்.

"இதுக்கா இவ்வளவு பாடு? பாசார்ல சட்டி..." என்று தொடங்கியவள், மோகனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சரி. எப்போ தெறப்பீங்க?" என்றாள்.

மறுநாள் காலையில் சுவரைத் தொட்டால் சூடாகத்தான் இருந்தது. வீரமுத்து ஒருமுறைகூட "திறக்கலாமா" என்று கேட்கவில்லை. சூளையைச் சுற்றிச் சுற்றி வந்தார், அவ்வளவுதான். அதற்கு மறுநாள், ஞாயிறு மதியம், மோகனா கையை வைத்துப் பார்த்துவிட்டு, "வாங்க," என்றாள். குஞ்சம்மா ஏற்கெனவே வேலியைத் தாண்டி வந்திருந்தாள்.

கற்களை எடுத்தார்கள். வெயில் உள்ளே விழுந்தது. இருபத்தெட்டில் இருபத்தாறு முழுசாக இருந்தன. ஒரு குவளையின் கைப்பிடி விட்டிருந்தது. ஒரு தட்டு நடுவில் கீறல் விட்டிருந்தது. மற்றதெல்லாம் செங்கல் நிறத்தில், தீ நக்கிய பக்கம் கறுப்பும் மஞ்சளுமாக, ஒன்றைப்போல ஒன்று இல்லாமல் இருந்தன. மோகனா முதல் கிண்ணத்தை வெளியே எடுத்து விரலால் சுண்டினாள். கணீரென்றது. அவள் அதை வீரமுத்துவின் காதருகே பிடித்து மறுபடி சுண்டினாள்.

"கேக்குதா?"

அவர் தலையை ஆட்டினார். அவரும் ஒன்றை எடுத்துச் சுண்டிப் பார்த்தார். பிறகு இன்னொன்று. இருபத்தாறையும் சுண்டி முடிக்கும் வரைக்கும் இருவரும் விடவில்லை.

ஷாந்தினிக்கு வீடியோவில் காட்டினார்கள். எல்லாவற்றையும் தனக்கு அனுப்பச் சொன்னாள். "வந்து எடுத்துக்கோ," என்றாள் மோகனா. "அடுத்த வாரம் லீவு போட்டு வா. அப்பா மண்ணு பிசைஞ்சு வைப்பாரு, நீயும் ஒண்ணு செய்." குஞ்சம்மாவிடம் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, அவள் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இருப்பதிலேயே பெரிய சட்டியைக் கைகாட்டினாள். வீரமுத்து வாயைத் திறந்தார். மோகனா அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

"எடுத்துக்குங்கக்கா. மீன் குழம்புக்கு நல்லா இருக்கும்."

குஞ்சம்மா சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போன பிறகு, மோகனா காலி அறைக்குள் கையை விட்டுச் சாம்பலைத் தடவிப் பார்த்தாள். இன்னும் கதகதப்பாக இருந்தது.

"பின் சுவர்ல ஒரு கல்லு அசையுதுங்க."

"பார்த்தேன். நாளைக்குப் பூசிடறேன்." அவர் கொஞ்சம் தயங்கினார். "அந்தப் புகைபோக்கியை இன்னும் ஒரு அடி..."

மோகனா திரும்பிப் பார்த்தாள். அவர் அப்போதே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

"அரை அடி," என்று அவள் பின்னாலிருந்து சொன்னாள்.